எளிய பாதை

பலகையில் எழுதியிருக்கிறது: எளிய பாதை.
ஒன்றேகால் கிலோமீட்டர். ஏற்றம் இல்லை.
சக்கர நாற்காலி போகும், தள்ளுவண்டி போகும்.
நாயென்றால் கயிறு வேண்டும்.

பைன் மரப் பலகைகள். வழுக்காமல் இருக்க
கோழிவலைக் கம்பியை மேலே அறைந்திருக்கிறார்கள்.
நடந்தால் பூட்ஸுக்கு அடியில்
யாரோ காய்ந்த ரொட்டி கடிக்கிற சத்தம்.
சாரெமா தீவில் ஏப்ரல். குடாவின் ஓரங்களில்
இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி,
கழுவாத தட்டில் ஒட்டிய கொழுப்பைப் போல.

ஞாயிறுதோறும் எண்ணுகிறேன்.
என் பங்கு நாமக்கோழிகள்.
அன்னங்களை எண்ண ஆளுக்குப் பஞ்சமில்லை,
பதிவுத் தாள் வந்ததும் அதற்குத்தான் அடிதடி.
கரி பூசிய உடம்பும்
நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றலுமாக
சண்டை போட்டே பொழுதைக் கழிக்கும் இவற்றை
யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

பாதை முடிகிற இடத்தில் கோபுரம்.
முப்பத்திரண்டு படி.
எளிய பாதை இங்கே கொஞ்சம் பொய் சொல்கிறது.
மேலே ஏற்கெனவே ஒருவர். தொப்பியைக் கழற்றி
கென்னாதி என்றார். இல்மி, என்றேன்.
எங்கள் மொழியை அவர் மெதுவாகப் பேசினார்,
ஒவ்வொரு வேற்றுமை உருபையும்
ஈரப் பலகைபோல் தொட்டுப் பார்த்துக் கால்வைத்து.

"இங்கேதான் இருந்தேன்.
இந்த மரக்கோபுரம் இல்லை, அது இரும்பு.
பத்தொன்பது வயது எனக்கு.
அப்போதும் பைனாகுலர்தான்."

எனக்குத் தெரியும். அந்த வருடங்களில்
கடலுக்குப் போக எங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும்.
மாலையானால் கரை மணலை
டிராக்டர் கட்டிச் சீவிவிடுவார்கள்,
படிய வாரிய தலை மாதிரி, வரி வரியாக.
விடிந்ததும் அதில் ஒரு காலடி கிடந்தால்
ஊரே விசாரணைக்குப் போகும்.
இப்போது அதே கரையில், சேற்றில்,
உள்ளான்கள் இஷ்டத்துக்குத் தையல் போட்டிருக்கின்றன.

கீழே புல்வெளியிலிருந்து
ஓர் ஆட்காட்டி கிளம்பிக் கத்தியது.
பெயரைப் பாருங்கள்.
பாதையில் ஒரு பையன், வாழைப்பழம் தின்றபடி,
அம்மா அப்பாவை முந்திக்கொண்டு வந்தான்.
அவனைத்தான் காட்டிக்கொடுத்தது.

கென்னாதி சிரிக்கவில்லை.
"ராத்திரியில் இது கத்தினால்
விளக்கைத் திருப்ப வேண்டும், உத்தரவு அது.
நாணல் முழுக்கப் பகலாகிவிடும்.
பெரும்பாலும் நரி."

பெரும்பாலும்.

அந்தச் சொல் கைப்பிடிக் கட்டைமேல்
எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.
நான் கேட்டிருக்கலாம்.
பள்ளியில் என் பெஞ்சில் இருந்த மாரெத்தின் அண்ணன்
ஒரு செப்டம்பரில் நாணலுக்குள் போனான்.
ஸ்வீடனிலிருந்து கடிதமும் வரவில்லை,
இங்கே சவப்பெட்டியும் வரவில்லை.
எந்த வருடம் இருந்தீர்கள் என்று
ஒரே ஒரு கேள்வி போதும்.

பிளாஸ்க்கைத் திறந்தேன்.
குவளை அவருக்கு, மூடி எனக்கு.
காபியின் ஆவி பைனாகுலரின் வில்லைகளை மூட,
சற்று நேரம் இரண்டு பேருமே
எதையும் பார்க்கவில்லை.

பிறகு, நானும் எண்ணட்டுமா என்றார்.
எண்ணினோம்.
வடமேற்குக் காற்று. தலையை ஆட்டி ஆட்டி,
ஒன்றையொன்று தண்ணீர்மேல் ஓட ஓட விரட்டி,
எண்ண விடாத சனியன்கள்.
எனக்கு முப்பத்தொன்பது.
அவருக்கு நாற்பத்தொன்று.
"இரண்டு நாணலுக்குள் போயின," என்றார்.
விரல்நீட்டி இடத்தைக் காட்டப் போனவர்
பாதியில் கையை மடக்கிப்
பைக்குள் வைத்துக்கொண்டார்.

நோட்டில் முப்பத்தொன்பது என்றே எழுதினேன்.
அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கீழே ஆட்காட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது,
பையன் எப்போதோ போய்விட்டான்,
பாதையில் யாரும் இல்லை.